போட்டி நிரலாக்கத்தில் முதல் ஆறு மாதம்: எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியறையில் ஞாயிறு பிற்பகல்தோறும் ஏழெட்டு மாணவர்கள் மடிக்கணினியோடு வந்து அமர்கிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் கணினி அறிவியல் படிக்க வந்து பி.ஜி. விடுதிகளில் தங்கியிருப்பவர்களும், ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. கொடுத்த நேரத்துக்குள் கேள்விகளுக்கு நிரல் எழுதி அனுப்பும் போட்டிகளை நடத்தும் கோட்ஃபோர்சஸ், கோட்செஃப், ஆட்கோடர் ஆகிய தளங்களில் முதல் சில போட்டிகளை எழுதிவிட்டு அவர்கள் கொண்டுவரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அறிகுறி வாரியாக எழுதிவைத்தால் நான் பக்கத்தில் இல்லாத இரவிலும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு அறிகுறியின் கீழும், ஒரு நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய காரணம் முதலிலும், வாரக்கணக்கில் உழைப்பைக் கேட்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். "எனக்கு இதற்கான மூளை இல்லை" என்று ஒரு மாணவர் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும்போது, கோளாறு பெரும்பாலும் ஒரு மாறியின் வகையிலோ, தேவையின்றி அச்சிட்ட ஒரு சொல்லிலோதான் இருந்திருக்கிறது.

அறிகுறி 1: நிரல் கம்பைல் ஆகவில்லை

தளத்தில் தேர்ந்தெடுத்த மொழி சரியா என்று முதலில் பார்க்கவும். சி++ நிரலைப் பைத்தான் என்று குறித்து அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. அடுத்து, கல்லூரி ஆய்வகத்தில் டர்போ சி++ பழகியவர்கள் அந்தக் காலத்துத் தலைப்புக் கோப்புகளையும் மதிப்பு எதையும் திருப்பாத மெயின் செயற்கூற்றையும் எழுதுகிறார்கள். இன்றைய கம்பைலர்கள் அவற்றை ஏற்பதில்லை. ஜாவாவில் எழுதுபவர்கள் வகுப்பின் பெயரை மெயின் என்றே வைத்தால் பெரும்பாலான தளங்களில் சிக்கல் இராது. இதற்கு மேல் இந்த அறிகுறியில் தேட ஒன்றுமில்லை. பிழைச்செய்தியின் முதல் வரியை மட்டும் படித்து, அதைச் சரிசெய்து, மறுபடி ஓட்டவும். கீழே குவிந்திருக்கும் மற்ற வரிகள் பெரும்பாலும் அந்த முதல் பிழையின் பின்விளைவுகளே.

அறிகுறி 2: மாதிரி உள்ளீட்டுக்குச் சரியாக வருகிறது, அனுப்பினால் 'ராங் ஆன்சர்'

எங்கள் மாடியறையில் அதிக நேரத்தை விழுங்குவது இதுதான். தளம் நிரலைச் சோதிக்கக் கொடுக்கும் உள்ளீடுகளே டெஸ்டுகள்; எந்த டெஸ்டில் தவறியது என்ற எண்ணைப் பார்த்தபின் கீழுள்ள கிளைகளில் ஒன்றுக்குச் செல்லவும்.

முதல் டெஸ்டிலேயே தவறினால்

கோட்ஃபோர்சஸில் முதல் டெஸ்ட் பெரும்பாலும் கேள்வியில் கொடுத்த மாதிரியேதான். எனவே கணக்கில் தவறு இருக்க வாய்ப்புக் குறைவு. "எண்ணை உள்ளிடவும்" என்பதுபோல வகுப்பில் பழகிய வாசகம் எதையாவது அச்சிடுகிறீர்களா என்று பார்க்கவும். விடையைச் சரிபார்ப்பது ஒரு நிரல், அதற்கு மரியாதை வாசகம் தேவையில்லை. பிறகு, பிழை தேடும்போது இடையில் அச்சிட்ட வரி நீக்கப்படாமல் இருக்கிறதா, வேறு கேள்வியின் கோப்பை அனுப்பிவிட்டீர்களா என்று பார்க்கவும். வழக்கமான கோட்ஃபோர்சஸ் சுற்றுகளில் முதல் டெஸ்டில் தவறுவதற்குத் தண்டனை மதிப்பெண் கிடையாது; பதற வேண்டாம்.

இரண்டாம், மூன்றாம் டெஸ்டில் தவறினால்

ஒரே உள்ளீட்டில் பல வழக்குகள் (தனித்தனியே விடை தர வேண்டிய டெஸ்ட் கேஸ்கள்) வரும் கேள்வியானால், ஒரே வழக்கை அடுத்தடுத்து இருமுறை உள்ளீடாகக் கொடுத்துப் பார்க்கவும். இரண்டு விடைகளும் வேறுபட்டால், முந்தைய வழக்கின் மிச்சம் ஒரு பொது மாறியிலோ அரேயிலோ தங்கியிருக்கிறது. அல்லது விடை முன்கூட்டியே தெரிந்துவிட்டதென்று உள்ளீடு படிக்கும் லூப்பிலிருந்து பாதியிலேயே வெளியேறிவிட்டீர்கள். படிக்காமல் விட்ட எண்களை அடுத்த வழக்கு தன்னுடையதாக எடுத்துக்கொள்கிறது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது, ஆனால் நான் கண்ட இரண்டாம் டெஸ்ட் தவறுகளில் மிகப் பலவற்றை இதுவே பிடித்துக் கொடுத்திருக்கிறது.

அது இல்லையென்றால் ஓரத்து மதிப்புகளுக்குச் செல்லவும். கோட்ஃபோர்சஸின் தர்ப்பூசணிக் கேள்வியை ஏறக்குறைய எல்லாத் தொடக்கநிலை மாணவரும் எழுதியிருப்பார்கள்: பழத்தின் எடையை இரண்டு இரட்டைப்படைப் பங்குகளாகப் பிரிக்க முடியுமா என்பது கேள்வி. எடை இரட்டைப்படையா என்று மட்டும் பார்க்கும் நிரல் 8 கிலோவுக்குச் சரியாகவும் 2 கிலோவுக்குத் தவறாகவும் சொல்லும், ஏனெனில் 2 கிலோவைப் பிரித்தால் 1, 1 என்றுதான் கிடைக்கும். உங்கள் கேள்வியிலும் அனுமதிக்கப்பட்ட மிகச் சிறிய மதிப்பு, மிகப் பெரிய மதிப்பு, எல்லா எண்களும் ஒன்றே, ஏற்கெனவே வரிசையாக அடுக்கியவை, தலைகீழாக அடுக்கியவை என்று ஐந்தையும் கையால் கொடுத்துப் பார்க்கவும்.

பெரிய எண்கள் வரும் டெஸ்டில் தவறினால், அல்லது விடை திடீரென எதிர்ம எண்ணாக வந்தால்

சி++, ஜாவா இரண்டிலும் வழக்கமான முழு எண் வகை 2,147,483,647 வரை மட்டுமே தாங்கும். உள்ளீடு சிறியதாக இருந்தாலும் இடையில் வரும் மதிப்பு இதைத் தாண்டலாம். ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.இ.எஸ். பயிற்சிக் கேள்வித் தொகுப்பில் முதற்கேள்வியே இதற்குச் சான்று: 1 வரும்வரை, இரட்டையென்றால் பாதியாக்கு, ஒற்றையென்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு என்பதே வேலை, உள்ளீடு 10 லட்சத்தைத் தாண்டாது. ஆனாலும் 113383 என்று தொடங்கினால் பயணத்தின் நடுவே 2,482,111,348 வரை ஏறுகிறது. அதேபோல், ஒரு சதுக்கத்தைப் பாவ எத்தனை சதுரக் கற்கள் வேண்டும் என்று கேட்கும் கோட்ஃபோர்சஸின் முதல் கேள்வியில் சதுக்கத்தின் பக்கங்கள் 100 கோடி வரை போகலாம், கல்லின் பக்கம் 1 ஆக இருக்கலாம். அப்போது விடையில் 1-க்குப் பின் 18 சுழியங்கள் இருக்கும். 64 பிட் முழு எண் வகைக்கு (சி++ இல் லாங் லாங், ஜாவாவில் லாங்) மாறவும். மாறியபின்னும் தவறு தொடர்ந்தால், பெருக்கல் நடக்கும் வரியைப் பார்க்கவும்: சிறிய வகை மாறிகள் இரண்டைப் பெருக்கி, விடையை மட்டும் பெரிய வகையில் வைத்தால் பயனில்லை, பெருக்கும்போதே வழிந்துவிட்டிருக்கும்.

இதே கிளையில் தசம எண்களையும் தேடவும். மேல்நோக்கி முழுமையாக்குவது, அடுக்கு காண்பது, வர்க்கமூலம் எடுப்பது ஆகியவற்றுக்கான ஆயத்தச் செயற்கூறுகள் தசம வகையில் கணக்கிடுவதால் பெரிய எண்களில் கடைசி இலக்கங்கள் பிசகும். முழு எண் வகுத்தலாலேயே முடியும் கணக்கை அதனாலேயே முடிக்கவும். 1,000,000,007 ஆல் வகுத்த மீதியைக் கேட்கும் கேள்வியில், கழித்தல் செய்தபின் மீதி எதிர்மமாகலாம். வகுஎண்ணை ஒருமுறை கூட்டி மறுபடி மீதி எடுக்கவும்.

வீட்டில் சரி, அங்கே தவறு என்றால்

தொடக்க மதிப்பு தராத உள்மாறி இருக்கிறதா, அரேயின் எல்லையைத் தாண்டி எழுதுகிறீர்களா, மதிப்பைத் திருப்ப வேண்டிய செயற்கூறு ஏதாவதொரு வழியில் திருப்பாமலே முடிகிறதா என்று வரிசையாகப் பார்க்கவும். இம்மூன்றையும் கண்ணால் தேடுவதைவிட, அட்ரஸ் சானிட்டைசர், அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிட்டைசர் ஆகிய கம்பைலரின் பிழைகாட்டும் வசதிகளை இயக்கி வீட்டிலேயே ஓட்டினால் எல்லை மீறல்களுக்கும் திருப்பாத மதிப்புக்கும் அது வரி எண்ணோடு சொல்லும். தொடக்க மதிப்பு தராத மாறியைக் கம்பைலரின் எச்சரிக்கைகளே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். இன்னொரு காரணமும் உண்டு. லினக்ஸில் 64 பிட்டாக இருக்கும் லாங் வகை, விண்டோஸில் 32 பிட் மட்டுமே. கோட்ஃபோர்சஸ் விண்டோஸில் ஓட்டுகிறது. எனவே சி++ இல் வெறும் லாங் வகையை மறந்துவிட்டு எப்போதும் லாங் லாங் என்றே எழுதவும்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் தவறு என்றால்

கேள்விக்கு மெதுவான, ஆனால் ஐயமற்ற இன்னொரு தீர்வை எழுதவும். எல்லா வாய்ப்புகளையும் ஒன்றுவிடாமல் பார்க்கும் முரட்டுத் தீர்வே போதும். ஐந்தாறு எண்கள் கொண்ட சிறிய உள்ளீடுகளைத் தற்போக்காக உருவாக்கும் மூன்றாவது நிரலையும் எழுதி, இரண்டு தீர்வுகளின் விடைகளும் எங்கே வேறுபடுகின்றன என்று ஆயிரம் முறை ஓட்டிப் பார்க்கவும். முதன்முறை எழுத ஒரு மணி நேரம் ஆகும். பழகினால் பத்து நிமிட வேலை. வேறுபடும் சிறிய உள்ளீடு ஒன்று கிடைத்தபின் அதைத் தாளில் கையால் போட்டுப் பார்த்தால், பிழை நிரலில் இருக்கிறதா, நீங்கள் நம்பிய கருத்தே தவறா என்பது தெரிந்துவிடும். கருத்தே தவறு என்று தெரிந்தும் ஏன் என்று புரியாவிட்டால், அந்தச் சிறிய உள்ளீட்டோடு மூத்த மாணவர் ஒருவரிடம் போகவும். வெறும் நிரலை நீட்டி "ஏன் தவறு?" என்று கேட்பவருக்கு உதவுவது யாருக்கும் கடினம், தவறும் உள்ளீட்டோடு வருபவருக்கு ஐந்து நிமிடத்தில் உதவிவிடலாம்.

அறிகுறி 3: நேரம் கடந்துவிட்டது என்கிறது

முதல் டெஸ்டிலேயே நேரம் கடந்தால் அது மெதுவான நிரல் அன்று. முடியாத லூப், அல்லது வராத உள்ளீட்டுக்காகக் காத்திருக்கும் நிரல். நடுவர் நிரலோடு மாறி மாறிப் பேசும் வகைக் கேள்வியில், அச்சிட்டதை உடனே வெளியே தள்ளாவிட்டாலும் இரு தரப்பும் காத்துக்கொண்டே இருக்கும். கோட்ஃபோர்சஸ் அதற்கு 'ஐடில்னஸ்' என்று தொடங்கும் தனித் தீர்ப்பு தருகிறது.

பெரிய டெஸ்டில் மட்டும் கடந்தால், முதலில் உள்ளீடு வெளியீட்டைப் பார்க்கவும். சி++ இல் வரிதோறும் எண்டெல் என்று எழுதுவது ஒவ்வொரு முறையும் இடைநினைவகத்தைக் காலிசெய்கிறது. 2 லட்சம் வரிகள் அச்சிடும்போது அதுவே நேரத்தைத் தின்றுவிடும். புதுவரிக் குறியை அச்சிட்டு, சி-யின் உள்ளீட்டோடு உள்ள ஒத்திசைவை முதல் வரியிலேயே துண்டிக்கவும். பைத்தானில் இன்புட் செயற்கூற்றை விட்டு சிஸ் தொகுதியின் வழியாகப் படிக்கவும். தளத்தில் பைபை (பைத்தான் நிரலை வேகமாக ஓட்டும் இன்னொரு இயக்கி) இருந்தால் லூப் மிகுந்த நிரலை அதில் அனுப்பவும்.

அடுத்தவை கண்ணுக்குத் தெரியாத நகல்கள். முழு வெக்டரையும் நகலாகச் செயற்கூற்றுக்கு அனுப்புவது, சரத்தின் முடிவில் ஓர் எழுத்தைச் சேர்க்க முழுச் சரத்தையும் புதிதாக உருவாக்குவது, பைத்தான் பட்டியலில் ஓர் உறுப்பு உண்டா என்று லூப்புக்குள் தேடுவது ஆகியவை ஒரே வரியில் ஒளிந்திருக்கும் லூப்கள். 2 லட்சம் இடங்கள் கொண்ட அரேயை ஒவ்வொரு வழக்குக்கும் முழுதாகச் சுழியமாக்குவதும் அத்தகையதே: 10,000 வழக்குகள் வந்தால் அதுவே 200 கோடி செயல்கள். வழக்குக்குத் தேவையான அளவை மட்டும் அழிக்கவும்.

கடைசிக் காரணம் தீர்வின் வழியே. ஒரு நொடியில் சி++ ஏறத்தாழ 10 கோடி எளிய செயல்களைச் செய்யும் என்று வைத்துக்கொண்டு கணக்கிடவும். எண்ணிக்கை 2 லட்சம் வரை போகலாம் என்றால், இரட்டை லூப் 4,000 கோடி செயல்களைக் கேட்கும். எந்தச் சிக்கனமும் அதைக் காப்பாற்றாது. இங்கே நிரலைத் திருத்துவதை நிறுத்திவிட்டுத் தாளுக்குத் திரும்ப வேண்டும். எண்ணிக்கை 1,000 வரைதான் என்றால் அதே இரட்டை லூப்புக்கு 10 லட்சம் செயல்களே ஆகும், எனவே தயங்காமல் எழுதலாம்.

அறிகுறி 4: ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிடுகிறது

கோட்ஃபோர்சஸ் காட்டும் வெளியேற்ற எண்ணைக் குறித்துக்கொள்ளவும். 3221225477 என்றால் நினைவகத்தில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். அரேயின் அளவு, லூப்பின் இறுதி மதிப்பு, காலியான வெக்டரின் அளவிலிருந்து 1-ஐக் கழிக்கும் வரி ஆகியவற்றைப் பார்க்கவும். அந்த அளவுக்கு எதிர்ம மதிப்பு கிடையாது என்பதால் சுழியத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் மிகப் பெரிய எண் வந்து நிற்கும். 3221225725 என்றால் ஸ்டாக் (செயற்கூறுகளின் உள்மாறிகள் இருக்கும் நினைவகப் பகுதி) நிரம்பிவிட்டது. மெயினுக்குள் அறிவித்த பெரிய அரேயை வெளியே எடுக்கவும், அல்லது ரிகர்ஷன் (செயற்கூறு தன்னையே அழைப்பது) நிற்கும் நிபந்தனையைச் சரிபார்க்கவும். 3221225620 என்றால் சுழியத்தால் வகுத்திருக்கிறீர்கள். பைத்தானில் ரிகர்ஷன் ஆழம் இயல்பாக 1,000 மட்டுமே; அதை உயர்த்துவது சிறிது உதவும், லூப்பாக மாற்றி எழுதுவது முழுதாக உதவும்.

அறிகுறி 5: கேள்வியே புரியவில்லை

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவந்த மாணவர்கள் இதைச் சொல்லவே வெட்கப்படுகிறார்கள். ஆங்கிலவழியில் படித்தவர்களும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. கதையை விட்டுவிட்டு முதலில் உள்ளீட்டு வடிவம், வெளியீட்டு வடிவம், எல்லைகள் ஆகிய மூன்றையும் படிக்கவும். பிறகு மாதிரியைத் தாளில் கையால் போட்டு அதே விடை வருகிறதா என்று பார்க்கவும். வராவிட்டால் நிரலைத் தொடவே கூடாது. வந்தால், கேள்வியை இரண்டே வரியில் தமிழில் எழுதவும்.

தடுக்கிவிடும் சொற்கள் சிலவே. சப்அரே என்பது இடைவெளியின்றி அடுத்தடுத்து வரும் பகுதி. சப்சீக்வன்ஸ் என்பது நடுவில் சிலவற்றை விட்டாலும் வரிசை மாறாத தேர்வு. நான்-டிகிரீசிங் என்றால் ஏறலாம் அல்லது சமமாக இருக்கலாம், இறங்கக்கூடாது. அட் மோஸ்ட் என்பது அதிகபட்சம், அட் லீஸ்ட் என்பது குறைந்தபட்சம். அவசரத்தில் இவ்விரண்டும் இடம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இவற்றை ஒரு குறிப்பேட்டில் சேர்த்துவந்தால் முப்பது நாற்பது சொற்களில் பட்டியல் ஏறத்தாழ நிறைந்துவிடும்.

அறிகுறி 6: தீர்வு விளக்கத்தைப் படித்தால் புரிகிறது, தானாக ஒன்றும் தோன்றுவதில்லை

கேள்வியின் கடினம் பொருத்தமா என்று முதலில் பார்க்கவும். கோட்ஃபோர்சஸில் கேள்விகளின் கடினம் 800-இல் தொடங்குகிறது. 800 கேள்விகளே சிலபோது தடுக்கும் நிலையில் 1500-ஐ எடுத்துக்கொண்டு விளக்கம் படிப்பது நீந்தத் தெரியுமுன் ஆற்றின் நடுவில் இறங்குவது போன்றது. உங்களால் பாதிக்கு மேல் முடிக்க முடிகிற படியில் நின்று, அதற்கு நூறு இருநூறு மேலே மட்டும் முயலவும்.

அடுத்து, விளக்கத்தை எப்போது திறக்கிறீர்கள் என்று பார்க்கவும். பத்து நிமிடத்தில் திறப்பவருக்கு எதுவும் தங்குவதில்லை; மூன்று நாள் சுமப்பவருக்குச் சோர்வே மிஞ்சுகிறது. ஒரு கேள்விக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை என்று நான் சொல்கிறேன். படித்தபின் மூடிவிட்டு மறுநாள் பார்க்காமல் எழுத வேண்டும். "நான் தவறவிட்ட கவனிப்பு இது" என்று ஒரு வரியும் குறிக்க வேண்டும். நிரலைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்குபவர்கள் இந்த ஒரு வரியை எழுத முடியாமல் திணறுவதைக் கண்டபின், பயிற்சியின்போது அதை மூடிவைக்கும்படி கண்டிப்பாகவே சொல்கிறேன்.

அறிகுறி 7: தனியாக எழுதினால் வருகிறது, போட்டி இரவில் வருவதில்லை

நேரத்தைப் பார்க்கவும். கோட்ஃபோர்சஸ் சுற்றுகள் பெரும்பாலும் நமக்கு இரவு 8:05-க்குத் தொடங்கி இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ போகின்றன. கோட்செஃப் ஸ்டார்ட்டர்ஸ் புதன்கிழமை இரவு 8 மணிக்கு. பி.ஜி. விடுதிகளில் சாப்பாடு போடும் நேரமும் அதுவே. பசியோடு எழுதும் மாணவரிடம் திறமைக் குறைவைத் தேடுவது வீண். ஏழரைக்கே சாப்பாட்டை வாங்கிவைக்கவும். இரவு ஒத்துவராதவர்களுக்கு ஆட்கோடரின் தொடக்கநிலைப் போட்டி இருக்கிறது: பெரும்பாலும் சனி அல்லது ஞாயிறு மாலை 5:30-க்குத் தொடங்கி 100 நிமிடம் நடக்கும். மின்சாரமும் வைஃபையும் நின்றுபோகும் பகுதியில் இருப்பவர்கள் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை முன்பே இணைத்துப் பார்த்துவிட வேண்டும்.

நிரல் ஓடத் தொடங்கவே பல நொடிகள் ஆனால், வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு புதிய இயங்கு கோப்பையும் சோதிக்கிறதா என்று பார்த்து, பயிற்சிக் கோப்புறைக்கு விலக்குக் கொடுக்கவும். அதன்பின்னும் கணினி முழுதுமே மந்தமாக இருந்தால் பழைய ஹார்டு டிஸ்க்கே காரணமாக இருக்கலாம், எஸ்.பி. சாலைக் கடைகளில் எஸ்.எஸ்.டி. மாற்றித் தருவார்கள். டிஸ்க்கிலிருந்து டக்டக்கென்று ஒலி வந்தால் கடைக்குப் போகுமுன் கோப்புகளை நகலெடுத்துவிடவும்.

இவை எதுவும் இல்லையென்றால் மிஞ்சுவது பதற்றம். பழைய போட்டியை அதே கால அளவோடு விர்ச்சுவலாக எழுதும் வசதி கோட்ஃபோர்சஸில் உண்டு. வாரம் ஒன்று எழுதினால் கடிகாரம் ஓடுவது பழகிவிடும்.

அறிகுறி 8: முதல் சில போட்டிகளில் ஏறிய ரேட்டிங் பிறகு இறங்குகிறது

இதற்குப் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை. கோட்ஃபோர்சஸில் புதியவரின் ரேட்டிங் (போட்டி முடிவுகளை வைத்துத் தளம் தரும் தரப்புள்ளி) 0 என்று காட்டப்பட்டு, முதல் ஆறு போட்டிகளில் 500, 350, 250, 150, 100, 50 என்று மொத்தம் 1,400 புள்ளிகள் தானாகக் கூட்டப்படுகின்றன. ஏழாவது போட்டியிலிருந்து அந்தக் கூட்டல் இல்லை. அங்கேதான் உங்கள் உண்மையான கணக்கு தொடங்குகிறது. அதுவரை ஏறியதைக் கண்டு மகிழ்ந்ததும் பிறகு இறங்கியதைக் கண்டு உடைந்ததும் ஒரே காரணத்தால் விளைந்தவை. பத்துப் பதினைந்து போட்டிகளுக்குப் பின்னும் ஒரே இடத்தில் நின்றால், கடைசி ஐந்து போட்டிகளில் முடிக்காமல் விட்ட முதல் கேள்வி எந்தத் தலைப்பு என்று எழுதவும். பெரும்பாலும் ஒரே தலைப்பு இரண்டு மூன்று முறை வந்திருக்கும். ஒரு மாதம் அதை மட்டும் பயிலவும்.

அறிகுறி 9: அனுப்பிய தீர்வு 'ஸ்கிப்ட்' (கணக்கில் எடுக்கப்படவில்லை) என்று மாறிவிட்டது

அதே கேள்விக்கு நீங்களே மறுபடி அனுப்பியிருந்தால் முந்தையது இப்படி மாறுவது இயல்பு. எல்லாக் கேள்விகளின் தீர்வுகளும் அப்படி மாறியிருந்தால், நிரலை ஐடியோன் போன்ற இணையக் கம்பைலரில் எல்லோருக்கும் தெரியும்படி ஓட்டினீர்களா என்று நினைவுபடுத்தவும். வேறொருவர் அதை எடுத்திருக்கலாம். அறைத்தோழருக்குக் காட்டியிருந்தால் அதுவும் விதிமீறலே. உண்மையில் குற்றமில்லை என்றால் நடத்துநர்களுக்குச் சுருக்கமாக, உள்ளதை உள்ளபடி எழுதவும். குற்றம் உண்டென்றால் வாதாடாமல் ஏற்றுக்கொண்டு அடுத்த போட்டியைத் தனியாக எழுதவும்.

அறிகுறி 10: மணிக்கட்டு வலிக்கிறது, அல்லது தூக்கம் வருவதில்லை

வலிக்கு முதலில் மேசையின் உயரத்தைப் பார்க்கவும். கட்டிலில் மடிமேல் வைத்துத் தட்டுவதை நிறுத்தவும். இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ விரல்கள் மரத்துப்போனாலோ மருத்துவரிடம் போகவும்.

போட்டி இரவன்று தூக்கம் தள்ளிப்போவது பலருக்கும் நேர்வதே. மறுநாளும் அடுத்த நாளும் தூங்க முடியாமல், சாப்பிடப் பிடிக்காமல், நண்பர்களைத் தவிர்த்து, தன்னால் ஆகாது என்ற எண்ணமே சுற்றிச்சுற்றி வந்தால் போட்டிகளை நிறுத்திவைத்து அன்றே ஒருவரிடம் பேச வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நம் ஊரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் இருக்கிறது. மாடிக்கு வருபவர்களில் யாருக்காவது அழைக்கக் கூச்சமாக இருந்தால், பக்கத்தில் அமர்ந்து நானே எண்ணை அழுத்தித் தருகிறேன்.